அடுப்பைக் கேட்டுவிட்டுப் பாத்தி கட்டுங்கள்

கோலாலம்பூரின் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு, பதினொன்றாவது மாடி. அன்றைக்கு மின்தூக்கி ஓடவில்லை. எங்கள் தேவாலயத் தோட்டத்தில் அறுத்த கீரைப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனேன். அந்த வீட்டு அம்மா பையை வாங்கி, உள்ளே வைக்கக் குளிர்பெட்டியைத் திறந்தார். கீழ்த்தட்டில் ஏற்கெனவே மூன்று பைகள் இருந்தன. மூன்றும் நாங்கள் கொடுத்தவைதான். உள்ளே பேசில் இலை கறுத்துக் கூழாகிக் கிடந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "கோயில்ல குடுத்ததாச்சேம்மா, எப்படிக் குப்பையில போடுறது?" என்றார்.

பேசில் குளிர் தாங்காத இலை. பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனாலே கறுத்துவிடும். ஆனால் வாடாமல் இருந்திருந்தாலும் அவர் அதைத் தொட்டிருக்கமாட்டார். பேசில் போட்டு ஆக்குகிற பதார்த்தம் எதுவும் அவர் வீட்டில் கிடையாது. அதை நட்டவர்கள் நாங்கள். நடுவதற்கு முன் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2021-இல், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு நீண்டுகொண்டே போன மாதங்களில், உதவி வேண்டியவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டியது நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் எங்கள் பங்கில், அதாவது தேவாலயச் சமூகத்தில், இல்லாத குடும்பங்களுக்குக் கொடுக்கக் காய்கறித் தோட்டம் போடும் யோசனை வந்தது. இப்போது வேறு பங்குகளிலிருந்தும் வந்து பார்க்கிறார்கள். என்ன விதை, என்ன உரம் என்றுதான் கேட்கிறார்கள். நாங்கள் எங்கே தவறினோம் என்று தெரிந்துகொள்வது அவர்களுக்கு அதைவிட உதவும்.

நமக்குப் பிடித்ததை நடுவது

முதல் பருவத்தில் லெட்டூஸ், பேசில், ரோஸ்மேரி, செர்ரி தக்காளி போட்டோம். படத்தில் அழகாக இருந்தன. லெட்டூஸ் கோலாலம்பூர் வெயிலில் கசந்தது, மாலை மழையில் அழுகியது. மிஞ்சியதை வாங்கிக்கொண்டவர்கள் நன்றி சொன்னார்கள். அந்த நன்றியை நம்பி இரண்டாம் பருவத்திலும் அதையே நட்டோம். எங்கள் தவறுகளில் பெரியது இதுதான்.

வீடு வீடாகப் போய்க் கேட்டபோதும் முதலில் தப்பாகவே கேட்டோம். "உங்களுக்கு என்ன காய் வேணும்?" என்றால் யாரும் மனதில் உள்ளதைச் சொல்லமாட்டார்கள். "எது குடுத்தாலும் சரிம்மா" என்பார்கள். உதவி வாங்குகிறவர் கேட்டு வாங்கக்கூடாது என்ற கூச்சம். பிறகு கேள்வியை மாற்றினோம். நேற்று என்ன சமைத்தீர்கள்? சந்தையில் எதைக் கையில் எடுத்து, விலை கேட்டு, திரும்ப வைத்துவிட்டு வந்தீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் கொட்டியது. பச்சை மிளகாய், வெண்டை, பயத்தங்காய், கத்தரி, தண்டுக்கீரை. கறிவேப்பிலையைக்கூடக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறதே என்று ஓர் அம்மா ஆதங்கப்பட்டார். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர் அவர். ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் மரவள்ளியும் கறிவேப்பிலையும் நின்றிருக்கின்றன. தோட்டத்தை அழித்து வீடமைப்பு வந்தது; குடும்பம் மாதம் 124 வெள்ளி வாடகையில் பிபிஆர் என்ற அரசாங்க மலிவு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தது; ஒரு கைப்பிடி மண்கூட இல்லாமல் போயிற்று.

எங்களிடம் வாங்கும் குடும்பங்களில் மியன்மாரிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் உண்டு. அவர்கள் ஒரு கீரையை விவரித்தார்கள்: புளிக்கும், தண்டு சிவக்கும், இறாலோடு வதக்கலாம். பர்மிய மொழியில் சின் பவுங். கொண்டுவந்து காட்டியபோது பார்த்தால் நம் புளிச்சக்கீரை. ஒரு பாத்தியில் போட்டோம். இரண்டு சமையலறைக்கும் அதுவே போகிறது.

அடுப்பைப் பற்றியும் கேளுங்கள். ஒரே வீட்டில் மூன்று குடும்பம் ஒரு கேஸ் அடுப்பைப் பகிர்ந்துகொள்ளும் இடம் இருக்கிறது. துப்புரவு வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வரும் தாய்க்குப் பத்து நிமிடத்தில் வதங்கும் கங்கோங் கீரை வரம். மரவள்ளி அப்படியல்ல. கிழங்கையும் இலையையும் நன்றாக வேகவைத்தே தீர வேண்டும், அதில் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. தவசிக்கீரை, இங்கே சாயோர் மானிஸ் என்கிறார்களே, அதையும் சமைத்துத்தான் உண்ண வேண்டும். 1990களில் தைவானில் இளைப்பதற்காகப் பச்சையாக அரைத்துக் குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. பழக்கமில்லாத வீட்டுக்குக் கொடுக்கும்போது இதை வாயால் சொல்லிக் கொடுங்கள்.

கணக்குப் போடாமல் வாக்குக் கொடுப்பது

எங்கள் பட்டியலில் 40 குடும்பங்கள். எல்லோருக்கும் வாரம் ஒரு கட்டுக் கீரை என்று ஞாயிறு பூசையில் அறிவித்துவிட்டோம். அதன் பிறகுதான் கணக்குப் பார்த்தோம்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைப் பொரியலுக்கு 300 கிராமாவது வேண்டும். 40 குடும்பத்துக்கு 12 கிலோ. கங்கோங் நன்றாக வந்தால் சதுர மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ கிடைக்கும். 4 அடி அகலம், 13 அடி நீளப் பாத்தி ஏறக்குறைய 5 சதுர மீட்டர். பூச்சிக்கும் மழைக்கும் போக ஏழெட்டுக் கிலோ. ஆக வாரம் இரண்டு பாத்தி அறுக்க வேண்டும். விதைத்து அறுக்க நான்கு வாரம். எட்டுப் பாத்தி இருந்தால்தான் சக்கரம் சுற்றும். எங்களிடம் இருந்தவை ஆறு. அதிலும் ஆறையும் ஒரே சனிக்கிழமை கோத்தோங் ரோயோங் என்ற கூட்டு உழைப்பில் உற்சாகமாக விதைத்துவிட்டோம். நான்காவது வாரம் கீரை மலைபோல் குவிந்தது. ஐந்தாவது வாரம் பையோடு வந்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள். பேருந்து ஏறி வந்தவர்கள் அவர்கள்.

இப்போது வாரம் ஒரு பாத்தி மட்டும் விதைக்கிறோம். 20 குடும்பத்துக்கு இந்த வாரம், மற்ற 20-க்கு அடுத்த வாரம். மீதி இரண்டு பாத்தியில் வெண்டையும் கத்தரியும். கொடுக்கிற அளவு குறைந்தது, ஆனால் சொன்ன வாரம் சொன்னது கிடைக்கிறது. இல்லாத வீட்டில் அடுத்த வாரத்தை எண்ணித்தான் இந்த வாரத்தைச் செலவு செய்கிறார்கள். அதனால் இது சின்ன விஷயம் இல்லை. இன்னொன்றும் தெளிவாக இருக்கட்டும்: தோட்டம் அரிசி தராது, எண்ணெயும் பால்மாவும் தராது. தோட்டம் வந்துவிட்டது என்று ஏழைகளுக்கு உதவும் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் உணவுக் கூடைக்குப் போடும் பணத்தை யாரும் குறைத்துவிடக்கூடாது.

நமக்கு ஓய்வான நேரத்தில் அறுப்பது

தொண்டர்களுக்குச் சனிக்கிழமை காலை வசதி. அறுவடையும் அன்றே. விநியோகமோ ஞாயிறு பூசை முடிந்து. இடையில் ஒரு நாளுக்கு மேல் அறுத்த கீரை மண்டபத்தில் பிளாஸ்டிக் பைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போகும்போது பாதி மஞ்சள்.

ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், மூன்று பேர் போதும். அறுத்ததும் தண்ணீரில் அலசி, நீர் வடியவிட்டு, ஈரத்துணி மூடி நிழலில் வைத்து, பத்து மணிக்குள் கொடுத்துவிடுங்கள். கங்கோங்கை வேரோடு பிடுங்க வேண்டாம். மண்ணிலிருந்து இரண்டு விரல்கடை விட்டுக் கத்தியால் அறுத்தால் கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

கிடைத்ததையெல்லாம் மண்ணில் போடுவது

செந்தூல் ரயில்வே பட்டறையை ஒட்டி வளர்ந்த ஊர். நம் தாத்தாமார் பலர் அங்கே வேலை செய்தவர்கள். அதனாலோ என்னவோ, பாத்திக்கு வரப்புப் போடப் பழைய சிலிப்பர் கட்டைகளைத் தருகிறேன் என்று ஒருவர் அன்போடு முன்வந்தார். நாங்களும் சரி என்று இருந்தோம். நல்லவேளை, மரவேலை தெரிந்த ஒரு பெரியவர் தடுத்தார். தண்டவாளக் கட்டைகள் பெரும்பாலும் உளுத்துப்போகாமல் இருக்க கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றப்பட்டவை. அந்த நஞ்சு மண்ணில் கசியும். காய்கறிப் பாத்தி அருகே அது வரவே கூடாது. பழைய சாயம் உரியும் சுவரை ஒட்டியும் கீரை போடாதீர்கள். பழஞ்சாயத்தில் ஈயம் இருக்கலாம், கீரை உண்ணப்போவது குழந்தைகள்.

நகரத்துக் கோயில் நிலம் பெரும்பாலும் கட்டடம் கட்டிய மிச்சம்: செங்களிமண், கல், சிமெண்டுத் துண்டு. அரை முழம் உயர்த்திப் பாத்தி கட்டாவிட்டால் ஒரு மாலை மழையிலேயே விதை அடித்துக்கொண்டு போய்விடும். மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்பு போடலாம், ஆனால் உரத்தோடு ஒரே நாளில் கலக்க வேண்டாம், இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். பச்சைக் கோழி எருவை அப்படியே கொட்டுவதும் தவறு. செடியை எரிக்கும், ஈ மொய்க்கும், கிருமியும் இருக்கும். மண்ணைத் தொடும் பயிருக்கு மக்காத எரு போட்டால் அறுவடைக்கு முன் 120 நாள் கழிய வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண்மை விதி. 30 நாள் கீரைக்கு அது ஒத்துவராது. மக்கியதை மட்டும் வாங்குங்கள்.

எரு விஷயத்தில் இன்னொரு கவனமும் வேண்டும். வாங்குகிறவர்களில் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கலாம். பன்றி எரு வேண்டாம். கோயில் விருந்தில் மிஞ்சிய எலும்பும் கொழுப்பும் மக்குக்குழிக்கு வேண்டாம். எலி வராமல் இருக்கவும் அது நல்லது. எலிச் சிறுநீர் கலந்த ஈரமண் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும், ஆகவே வெறுங்காலோடு யாரையும் பாத்தியில் இறக்காதீர்கள்.

தேங்கிய தண்ணீர்

மழைநீர் பிடிக்க வைத்த பீப்பாய், கவிழ்க்க மறந்த பூவாளி, பாளைபோல் சுருண்ட பிளாஸ்டிக் விரிப்பு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை, குறித்த கிழமையில், ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் அந்தச் சுற்று அறுபடும். பீப்பாய்க்கு வலை கட்டுங்கள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசுப்புழு கண்டால் அபராதம் உண்டு. அதைவிட, பக்கத்துக் குடியிருப்பில் டிங்கி வந்தால் தோட்டத்தின் மேல் இருந்த நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும்.

மருந்து அடிப்பது

வேலியோரப் புல்லுக்கு யாராவது களைக்கொல்லி கொண்டுவருவார்கள். விடாதீர்கள். எங்கள் அம்மாக்களில் சிலர் தோட்டப்புறத்தில் முதுகில் டாங்கியைச் சுமந்து பாராகுவாட் அடித்தவர்கள். நகம் கழன்றதையும் மூக்கில் ரத்தம் வந்ததையும் இன்றும் சொல்வார்கள். அந்த மருந்து 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அவர்கள் தட்டுக்குப் போகும் கீரைக்கு வேறு எந்த மருந்தும் வேண்டாம். கையால் பிடுங்குவோம். அசுவினிக்குச் சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய், வெளியே மெல்லிய வலை. கொஞ்சம் ஓட்டை விழுந்த கீரை பரவாயில்லை.

திருவிழாவுக்குப் பூட்டிவிட்டுப் போவது

ஜூலை கடைசியில் பாதிப் பங்கு புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் பேருந்து ஏறிவிடும். தீபாவளி விடுமுறை, பிறகு கிறிஸ்துமஸ், பள்ளி விடுமுறை. நாற்று இரண்டு நாள் வெயிலில் தண்ணீர் இல்லாமல் நின்றால் முடிந்தது. அந்த வாரங்களில் புதிதாக விதைக்காதீர்கள். முருங்கை, தவசிக்கீரை, கறிவேப்பிலை, பாண்டான் போன்ற நின்று தரும் செடிகளை வேலியோரம் வைத்திருந்தால் ஆள் இல்லாத வாரத்திலும் ஏதாவது கொடுக்க இருக்கும்.

கொடுக்கும்போது படம் எடுப்பது

இதை எழுதும்போது இன்னும் மனம் கனக்கிறது. முதல் வருடம் பை வாங்கியவர்களை வரிசையாக நிறுத்தி, பலகை பிடித்து, படம் எடுத்துப் பங்கின் முகநூலில் போட்டோம். நல்ல எண்ணம்தான், நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டுமே என்றுதான். அடுத்த வாரம் இரண்டு தாய்மார் வரவில்லை. ஒருவருடைய மகளைப் பள்ளியில் அந்தப் படத்தை வைத்துக் கேலி செய்திருக்கிறார்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6:3 எங்களுக்கு மனப்பாடம். அதை நாங்களே மீறினோம். இப்போது பாத்தியை மட்டும் படம் எடுக்கிறோம். கீரைப் பையில் ஜெபத்தாளோ கூட்ட அழைப்போ வைப்பதில்லை. பல சமயத்தவர் வாங்கும் இடத்தில் கீரை கீரையாக மட்டும் போகட்டும்.

லேவியர் 19-ஆம் அதிகாரத்தில் ஒரு விதி உண்டு. வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடு என்கிறது. அறுத்து, கட்டி, கையில் கொடு என்று சொல்லவில்லை. அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விடச் சொல்கிறது. போவாசின் வயலில் ரூத்து அப்படித்தான் கதிர் பொறுக்கினாள். பல வருடம் இந்த வாசகத்தைக் கேட்டிருந்தும், அந்த வேறுபாடு தோட்டம் போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. வாயிலை ஒட்டிய ஒரு பாத்தியை அதற்காக ஒதுக்கினோம். பட்டியல் இல்லை, பெயர் எழுத வேண்டாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மிளகாயும் தண்டுக்கீரையும் அதில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒருவரே அள்ளிவிடுவார் என்று பயந்தோம். அப்படி நடக்கவில்லை.

பதினொன்றாவது மாடி அம்மா அந்தப் பாத்திக்குத்தான் முதலில் வந்தார். மிளகாய் பறிக்க வந்தவர், நான் முருங்கைப் போத்தை நேராக ஊன்றுவதைப் பார்த்து நின்றார். "இப்படியாம்மா நடுவாங்க? வெட்டுன முனையில மழைத்தண்ணி நின்னு அழுகிப் போகும்" என்று பாராங் கத்தியை வாங்கி, மேல்முனையைச் சரிவாகச் சீவி, சாணம் இல்லாததால் ஓர் உருண்டை களிமண்ணைப் பிசைந்து அதில் அப்பினார். நான் வைத்த மூன்றில் இரண்டு அழுகின. அவர் வைத்தது இப்போது ஆள் உயரம் தாண்டி நிற்கிறது.

தோட்டக் குழுவில் அவரும் அதே அடுக்குமாடியைச் சேர்ந்த இன்னொரு பெண்ணும் இருக்கிறார்கள். என்ன நடுவது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் விதை வாங்குகிறோம். வாயில் சாவி ஒன்று அவர்களிடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நாங்கள் போகும்போது, பீப்பாய்கள் கவிழ்த்து வைத்திருக்கும், பாத்தி ஈரமாக இருக்கும்.