வளவு முற்றத்தில் அயனாம்சம் அளப்பது

சித்திரை 1-ஐ ஒட்டி வரும் மேஷ சங்கராந்தி (சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நேரம்) நட்சத்திரங்களை வைத்துக் கணிப்பது. சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வருவதோ மார்ச் 20-ஐ ஒட்டி. நடுவில் விழுந்த இந்த இடைவெளியைப் பாகையில் சொன்னால் அதுதான் அயனாம்சம். பூமியின் பருத்த இடுப்பைச் சூரியனும் சந்திரனும் இழுப்பதால் அச்சு பம்பரம்போல் தலையாட்டுகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 25,800 ஆண்டு. அதனால் இந்த இடைவெளி பாகைக்கு 72 ஆண்டு வீதம் வளர்கிறது.

காரைக்குடிப் பக்கம் இதை அளக்க சித்திரை 1 நண்பகல் போதும். தகரத்தில் 3 மி.மீ. துளை போட்டு, தரையிலிருந்து சரியாக 200 செ.மீ. உயரத்தில் மட்டமாகக் கட்டுங்கள். துளை வழியே தூக்குக்குண்டு விட்டு, அது தொடும் இடத்தில் புள்ளி வைத்துவிட்டு நூலை எடுத்துவிடுங்கள். கம்பு நட்டு நிழல் அளக்க வேண்டாம். நிழல்முனை மங்கலாகி ஒரு செ.மீ. வரை ஏமாற்றும். துளை வழியே 2 செ.மீ. அகல ஒளிவட்டம் விழும், அதன் நடுவைக் குறிக்கலாம்.

12.05 முதல் 12.25 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு குறி. குறிகளைச் சேர்த்தால் கிழக்கு மேற்காக ஒரு கோடு வரும். புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம்தான் வேண்டியது. கடிகாரம் துல்லியமாக இருக்கவும் வேண்டாம், வீட்டுச் சுவரைத் திசைக்கு நம்பவும் வேண்டாம். முற்றத்துத் தரை தண்ணீர் ஓடச் சரிந்திருக்குமே என்று கவலைப்படாதீர்கள், இவ்வளவு குறுகிய தூரத்தில் அது பெரிதாகக் கெடுக்காது. புள்ளி வைத்த பிறகு தகரம் நகர்ந்தால்தான் எல்லாம் போச்சு.

தூரம் வடக்கே சுமார் 2 செ.மீ. வரும். (மார்ச் 20 அன்று இதே துளைக்கு 35, 36 செ.மீ. வந்திருக்கும்.) 2-ஐ 200-ஆல் வகுத்தால் 0.01, அந்த டேன்ஜென்ட்டுக்குரிய கோணம் 0.57 பாகை. அட்சரேகை 10.07-இல் அதைக் கழித்தால் 9.50, சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நிற்கும் பாகை. அதன் சைன் 0.165, அதை 0.3978-ஆல் (பூமி அச்சின் சாய்வான 23.44 பாகையின் சைன்) வகுத்தால் 0.415, அந்தச் சைனுக்குரிய கோணம் 24.5 பாகை. மார்ச் 20 நிலையிலிருந்து சூரியன் தன் பாதையில் நகர்ந்த தூரம் இது.

இனி பஞ்சாங்கத்தில் சங்கராந்தி நேரம் பாருங்கள். நண்பகலுக்கு முன் நடந்திருந்தால் மணிக்கு 0.04 பாகை கழிக்க வேண்டும். பின் என்றால் கூட்ட வேண்டும். இன்றைய வானியல் கணக்கில் போட்ட திருக்கணிதப் பஞ்சாங்கமே எடுங்கள், பழைய வாய்பாட்டில் போட்ட வாக்கியப் பஞ்சாங்கத்தில் நேரம் மாறும். எட்டு மணி நேரம் முந்தியிருந்தால் 24.2 வரும். பஞ்சாங்கத்தில் அச்சிட்ட அயனாம்சமும் 24-க்குச் சற்று மேல்தான்.

1 மி.மீ. பிசகினால் 0.08 பாகை, அதாவது ஆறு ஆண்டுக் கணக்கு தவறும். 24.2-ஐ 72-ஆல் பெருக்கினால் 1,740 ஆண்டு, அதாவது இடைவெளியே இல்லாதிருந்த கி.பி. 285-ஐ ஒட்டிய காலம். அன்று இதே முற்றத்தில் அளந்திருந்தால் சித்திரை 1-க்கே 35 செ.மீ. வந்திருக்கும்.