லூஸான போல்ட்டைக் கண்டதும் முறுக்காதீர்கள்

அக்கா மகன் கப்பலில் ஃபிஃப்த் இன்ஜினியர். லீவில் காவேரிப்பட்டினம் வந்தவன் மாம்பழம் அறுத்துக்கொண்டே சொன்னான்: "மெயின் இன்ஜின்ல நாலு ஹோல்டிங் டவுன் போல்ட் லூஸு மாமா. டைட் பண்ணிட்டேன்."

"ஓரத்துல செவப்புப் பொடி இருந்துச்சா?"

"துடைச்சிட்டேன்."

அந்தக் காலத்தில் நானும் துடைத்தவன்தான். போல்ட் முறுக்குவதில் நடக்கும் பெரிய தப்புகளை மட்டும் சொல்கிறேன்; ஸ்பேனர் நழுவுவது போன்ற சின்ன விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

காரணம் பாராமல் முறுக்குவது

இன்ஜினின் அடிச்சட்டமான பெட்பிளேட்டையும், அது உட்காரும் கப்பல் தளமான டேங்க் டாப்பையும் சேர்த்துப் பிடிப்பதுதான் ஹோல்டிங் டவுன் போல்ட். இரண்டுக்கும் நடுவே சாக் எனப்படும் வார்ப்பிரும்புத் துண்டுகள் இருக்கும். போல்ட் தளர்ந்தால் அதிர்வில் அவை உரசித் தேயும். எண்ணெயில் குழைந்து, கேழ்வரகுக் கூழ் காய்ந்த மாதிரி ஓரத்தில் ஒட்டியிருக்கும் செம்பழுப்புப் பொடிதான் சாட்சி. அதைத் துடைத்துவிட்டு முறுக்கினால், தேய்ந்த பள்ளத்துக்குள் போல்ட் பெட்பிளேட்டையே இழுத்து இறக்கிவிடும். கூடவே அங்கே கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங்கும் இறங்கும்.

நான் மூன்று போல்ட்டை முறுக்கி "ஆல் டைட்" என்று எழுதினேன். அடுத்த மாதம் அதே மூன்றும் லூஸ். மறுபடி முறுக்கினேன், புத்தி வரவில்லை. செகண்ட் இன்ஜினியர்தான் சந்தேகப்பட்டு, கிராங்க் ஷாஃப்ட் எவ்வளவு வளைகிறது என்று காட்டும் டிஃப்ளெக்‌ஷன் எடுக்கச் சொன்னார். கிராங்க்கேஸுக்குள் வியர்வை சொட்டச் சொட்ட நுழைந்து, கிராங்க்கின் இரு பக்கக் கைகளான வெப்புகளுக்கு நடுவே டயல் கேஜை மாட்டி, இன்ஜினை மெல்லத் திருப்பும் டர்னிங் கியரில் சுற்றி, சிலிண்டருக்கு ஐந்து ரீடிங். ஐந்தாவது சிலிண்டரில் முள் மேனுவல் சொன்ன எல்லையைத் தாண்டிப் போய் நின்றது. இறங்கிய பேரிங்கின் சுமையெல்லாம் பக்கத்துப் பேரிங்கின் தலையில். திறந்து பார்த்தால் பேரிங்கின் உள்பூச்சான ஒயிட் மெட்டல் வழித்தெடுத்த மாதிரி இருந்தது. பேரிங் செலவு, நின்ற நாள் செலவு, சீஃப் பார்த்த பார்வை.

லூஸ் என்றால் முதலில் டிஃப்ளெக்‌ஷன். அப்புறம் சாக்குக்கு மேலும் கீழும் இடைவெளி பார்க்க ஃபீலர் கேஜ். முறுக்கியபின் மறுபடி டிஃப்ளெக்‌ஷன். கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழமான டிராஃப்ட்டையும் இன்ஜின் சூட்டையும் கூடவே குறியுங்கள். சரக்கு ஏறினால் கப்பலின் உடம்பே வளையும், பழைய ரீடிங்கோடு ஒப்பிட முடியாது.

பர்கூர் பக்கம் ஒரு கல் கிரஷரிலும் இதே கூத்தைப் பார்த்தேன். அடியில் நிரப்பிய கலவையான கிரவுட் பொடிந்து கிடக்க, மேலே ஃபவுண்டேஷன் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

டை ராடை ஒவ்வொன்றாக இழுப்பது

பெட்பிளேட்டிலிருந்து மேலே வரை இன்ஜினைச் சேர்த்துப் பிடிக்கும் நீண்ட கம்பிதான் டை ராட். அதை எதிரெதிர் ஜோடியாக, ஒரே பம்பில், நடுவிலிருந்து இரு முனைக்கும் இழுக்க வேண்டும். டை ராடைப் பக்கவாட்டில் பிடிக்கும் பிஞ்ச் போல்ட் இருந்தால் முன்பே தளர்த்துங்கள்.

பிரஷரைக் குத்துமதிப்பாக ஏற்றுவது

ஓசூரில் டார்க் ரெஞ்ச் பிடித்துப் பழகிய பையன்கள் 'கிளிக்' சத்தத்துக்குக் காத்திருப்பார்கள். எண்ணெய் அழுத்தத்தில் போல்ட்டை இழுக்கும் ஹைட்ராலிக் ஜாக்கில் அது வராது. போல்ட் இழுபட்டு நீளும், நட்டை டாமி பார் என்ற கம்பியால் உட்கார வைக்கிறோம், அவ்வளவுதான். அழுத்தம் எத்தனை பார் என்பது மேனுவலில்.

ஜாக்குக்கு மேலே குனிவது

வேண்டாம். ஹோஸில் ஊசித்துளை விழுந்தால் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும்.