போதைப் பழக்க உளவியல் முதுகலை: மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் சேர்க்கையிலேயே நடக்கிறது. எம்.எஸ்சி. உளவியல் முடித்தாலே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்டலாம் என நம்பிப் பணம் கட்டுகிறார்கள். அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற படிப்பும், அங்கே பதிவும் வேண்டும். கல்லூரி விளம்பரத்தை விட்டுவிட்டு, கவுன்சிலின் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தொலைதூரக் கல்வியில் உளவியல் சேர யோசிப்பவர்களுக்கு இன்னொன்று: 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் யுஜிசி அதை நிறுத்தச் சொல்லிவிட்டது.

வகுப்பில் கெட்டிக்காரர்களும் தடுமாறுவது வார்டில், அதுவும் கேஸ் ஹிஸ்டரி எடுக்கும்போது. “டெய்லி ஒரு குவார்ட்டர்தான் மேடம்” என்கிறார் நோயாளி. மாணவி ‘ஒரு டிரிங்க்’ என்று எழுதிக்கொள்கிறார். இந்தியாவில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்பது 10 கிராம் தூய ஆல்கஹால். குவார்ட்டர் என்பது 180 மில்லி; 42.8 சதவீத பிராந்தி அவ்வளவில் ஏறக்குறைய 61 கிராம் ஆல்கஹால், அதாவது ஆறு டிரிங்க். அதில் பாதியான ‘கட்டிங்’ என்றால் மூன்று. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் நான்கு. தண்ணீர் கலந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இது வெறும் எண் பிசகு அல்ல. குடிப்பழக்கத்தை அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் (AUDIT) வினாத்தாளில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண், 8-ஐத் தொட்டால் கவலைக்குரிய குடி. முதல் மூன்று கேள்விகள்: எவ்வளவு அடிக்கடி குடிக்கிறார், குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க், ஒரே தடவையில் ஆறோ அதற்கு மேலோ எவ்வளவு அடிக்கடி. ‘ஒரு டிரிங்க்’ என்று எழுதினால் இவருக்கு அவற்றில் 4, 0, 0 கிடைக்கும். சரியாகக் கணக்கிட்டால் 4, 2, 4. முன்னதில் அவர் தப்பித்துவிடுகிறார், பின்னதில் மூன்றே கேள்வியில் 10. ஆகவே பாட்டிலின் அளவு, சரக்கின் வகை, எத்தனை பேர் பங்கிட்டார்கள், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்று நான்கையும் கேளுங்கள். மனைவியிடமோ அம்மாவிடமோ தனியாக ஒருமுறை சரிபாருங்கள், நோயாளியின் சம்மதத்துடன்.

அந்தக் கடைசி மணிக் கணக்கை அலட்சியம் செய்வது ஆபத்து. தினமும் குடித்தவர் சட்டென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். குழப்பமும் மாயக்காட்சியும் சேர்ந்த டெலிரியம் பொதுவாக 48 முதல் 96 மணிக்குள். கவுன்சலிங் ஆர்வத்தில் “நாளையிலிருந்து தொடாதீங்க” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவது மாணவரின் வேலையே அல்ல, மருத்துவரிடம் அனுப்புங்கள்.

நோயாளி வார்டில் சேர்ந்த மூன்றாம் நாளே நினைவாற்றல் சோதனையும் மனச்சோர்வு வினாத்தாளும் கொடுப்பதும் பரவலாக நடக்கிறது. குடியை நிறுத்தியதால் வரும் நடுக்கத்துக்குக் கொடுக்கும் குளோர்டயஸெபாக்ஸைடு, லொரஸெபாம் போன்ற மாத்திரைகளே கவனத்தையும் நினைவையும் மந்தமாக்கும். மனச்சோர்வும் குடி நின்ற சில வாரங்களில் பலருக்குத் தானாகவே குறையும். இரண்டு முதல் நான்கு வாரம் பொறுத்துச் சோதியுங்கள். அவசரப்பட்டு எடுத்த மதிப்பெண், மாத்திரையை அளந்ததா மனிதரை அளந்ததா என்று வைவாவில் கேட்டால் பதில் இருக்காது.

நோயறிதலில் இரண்டு நூல்களைக் கலந்து எழுதுவதும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-5 பதினொரு அறிகுறிகளில் இரண்டு இருந்தாலே லேசான கோளாறு என்கிறது. ஆறு முதல் கடுமையானது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-10, குடி சார்புநிலைக்கு ஆறில் மூன்று கேட்கிறது. மருத்துவமனைத் தாளில் எஃப்10.2 (ஐசிடி-10-இல் குடி சார்புநிலைக்கான குறியீடு) என்று இருப்பவரை ஆய்வேட்டில் டிஎஸ்எம் தரவரிசையில் போட வேண்டுமானால், அறிகுறிகளைப் புதிதாக எண்ண வேண்டும்.

டோபமைனை ‘இன்ப ரசாயனம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உளவியல் ஆய்வாளர்கள் பெரிட்ஜும் ராபின்சனும் 1993-லேயே வேட்கை வேறு, சுகம் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். “பிடிக்கவே இல்ல, ஆனா கால் தானா கடைக்குப் போகுது” என்று நோயாளி சொல்வது அப்போதுதான் புரியும்.

ஆய்வேட்டுக்கு வந்தால், கூகுள் ஃபார்மை நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘சென்னை இளைஞர்களின் இணைய அடிமைத்தனம்’ என்று தலைப்பிடுவதுதான் சலித்துப்போன வழி. அளவுகோல் மதிப்பெண் நோயறிதல் ஆகாது. ஐசிடி-11 கேமிங் கோளாறை ஏற்றிருக்கிறது. டிஎஸ்எம்-5 இணைய கேமிங்கை மேலும் ஆய்வு தேவைப்படும் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. மருத்துவமனைக்குப் போனாலும் சிக்கல் உண்டு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலோ, இந்திரா நகரில் உள்ள டிடிகே போதை மீட்பு மருத்துவமனையிலோ உள்நோயாளிகளாகச் சேர்வோர் முற்றிய நிலையில் வருபவர்கள், பெரும்பாலும் ஆண்கள். அவர்களை வைத்துக் ‘குடிப்பவர்கள்’ என்று பொதுவாக முடிவெழுத முடியாது. இரண்டு அளவுகோல்களுக்கு இடையே 0.3 அளவுள்ள தொடர்பைக் கண்டுபிடிக்கவே (புள்ளியியல் திறன் 80 சதவீதம், முக்கியத்துவ நிலை 0.05) சுமார் 85 பேர் வேண்டும். முப்பது பேரிடம் பத்து அளவுகோல் கொடுப்பதைவிட இரண்டை வைத்துக்கொண்டு 85-ஐ எட்டுவது மேல். மறுபடி சேர்ந்தவரை இரண்டாம் நபராக எண்ணிவிடாதீர்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தகவல் திரட்டிய பிறகு பின்தேதியிட்டு வாங்க முடியாது. கல்லூரிக் குழு, மருத்துவமனைக் குழு என இரண்டு கதவு தட்ட வேண்டிவரலாம். ஆகவே மூன்றாம் செமஸ்டர் தொடக்கத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் பிள்ளையின் இசைவும் வேண்டும். நடுக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிய கையெழுத்து ஒப்புதலாகாது, தெளிந்த பிறகு மறுபடி விளக்கி வாங்குங்கள்.