பாடகரும் நீங்களே, சாக்ஸபோனும் நீங்களே என்றால்

ஜாஸும் பாப்பும் பாட வேண்டும், சாக்ஸபோனும் ஊத வேண்டும், அதிலேயே பிழைக்கவும் வேண்டும் என்று இறங்குகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, இரண்டையும் தனித்தனியாக நன்றாகக் கற்றால் போதும் என்று நினைப்பது. போதாது. இருப்பது ஒரே வாய், ஒரே மூச்சு. பாட்டிலிருந்து ஊதலுக்கு மாறுகிற அந்தச் சில விநாடிகளில்தான் பாதிச் சிக்கல்.

முதலில் ஸ்கேல். உங்கள் குரலுக்கு எது சௌகரியமோ அதில்தான் பாட்டை வையுங்கள், விரலுக்கு எது சுலபம் என்று பார்க்காதீர்கள். ஆனால் சாக்ஸபோன் வகைகளில் டெனர் பி ஃபிளாட் வாத்தியம், அதைவிடச் சிறிய ஆல்டோ ஈ ஃபிளாட்; அதாவது சி என்று எழுதியதை ஊதினால் டெனரில் பி ஃபிளாட்டும் ஆல்டோவில் ஈ ஃபிளாட்டும்தான் கேட்கும். பியானோக்காரர் ஈ மேஜரில் வாசித்தால் டெனரில் நீங்கள் எஃப் ஷார்ப்பில் ஊத வேண்டும், ஆல்டோவில் சி ஷார்ப், அதாவது ஏழு சுரமும் ஷார்ப். அழுகை வரும்தான். பன்னிரண்டு ஸ்கேலையும் விரலில் ஏற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

வீட்டில் தாளம் தட்டுகிற மெட்ரோனோமை ஓடவிட்டு நான்கு பார் (தாளச் சுற்று) பாடுங்கள், நான்கு பார் ஊதுங்கள், நிறுத்தாமல் திரும்பத் திரும்ப. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், நான்கு அடி கொண்ட ஒரு பார் வெறும் 2 விநாடி. அதற்குள் வரியை முடித்து, மவுத்பீஸைக் கவ்வி, மூச்சும் இழுத்தாக வேண்டும். அதனால் பாட்டை அமைக்கும்போதே பாடி முடிக்கிற இடத்துக்கும் சோலோவுக்கும் நடுவே 2 பார் பியானோவுக்குக் கொடுத்துவிடுங்கள், கேட்பவர்களுக்கு அது அழகான இடைவெளியாகத்தான் தெரியும். (ஊதும்போதே தொண்டையில் முனகினால் ஒரு கரகரப்பு வருமே, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடிகிற இடம் அது ஒன்றுதான். நிறையப் பாட வேண்டிய நாளில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.)

மேடையில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று: நீங்கள் மெதுவான பாட்டை நிதானமாகப் பாடிக்கொண்டிருக்கும்போது கழுத்தில் தொங்குகிற சாக்ஸ் ஆறிப்போகும், மவுத்பீஸில் அதிர்கிற மெல்லிய பட்டையான ரீட் காய்ந்துபோகும். ஆறிய சாக்ஸில் சுருதி இறங்கும். மற்றவர்கள் வாசிக்கும்போது சத்தமில்லாமல் உள்ளே சூடான மூச்சை விடுங்கள், ரீடை நாக்கால் நனையுங்கள். காயாத செயற்கை ரீடும் கிடைக்கிறது, எனக்கு அந்தத் தொனி அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் பாட்டு அதிகமுள்ள நிகழ்ச்சிக்கு அதுதான் நிம்மதி.

சரி, பிழைப்பு. அமெரிக்கப் பாடகர் லூயிஸ் ஜோர்டன் 1938இல் டிரம்மர் சிக் வெப்பின் பெரிய குழுவிலிருந்து வெளியே வந்து, சிறிய குழு ஒன்றை வைத்துக்கொண்டு ஆல்டோவும் ஊதி முன்னால் நின்று பாடியும் 1940களில் பெரிய நட்சத்திரமானார். கர்டிஸ் ஸ்டைகர்ஸ் 1991இல் பாப் பாடகராக அறிமுகமாகி, பின்னாளில் டெனரோடு ஜாஸ் பக்கம் வந்தார். இரண்டு பேரையும் கேளுங்கள், ஊதலிலும் பாடுகிறவரின் மூச்சுதான் இருக்கும். உங்களை அறிமுகப்படுத்த வீடியோ அனுப்பினால் முதல் அரை நிமிடத்துக்குள் பாட்டும் ஊதலும் இரண்டுமே வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவர் உங்களை ஏதோ ஒரு பட்டியலில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்.

சம்பளம் பேசும்போது பாடுவதற்கு மட்டும் கூப்பிடுகிறார்களா, சாக்ஸும் சேர்த்தா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "அதையும் கொண்டு வாங்களேன்" என்று கடைசி நாளில் சொல்வார்கள்.