ஏரி, ஓடை ஆய்வாளராக வேண்டுமா? முதலில் ஒரு தண்ணீரோடு பழகுங்கள்

என்னிடம் ஆராய்ச்சி செய்ய வரும் மாணவர்களிடம் நான் முதலில் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. "எந்தத் தண்ணீரையாவது ஒரு வருடம் முழுக்கப் போய்ப் பார்த்திருக்கிறாயா?" என்றுதான் கேட்பேன். அது குட்டையாக இருக்கலாம், கால்வாயாக இருக்கலாம், பெயரே இல்லாத ஓடையாகவும் இருக்கலாம். எந்த மாதம் நீர் கலங்கியது, எப்போது கல்லில் பாசி பிடித்தது, எப்போது தவளை முட்டை தென்பட்டது என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும். மற்றதையெல்லாம் கற்றுக்கொடுத்துவிடலாம்.

27 வருடங்களாக ஓடைகளிலும் சிறிய ஏரிகளிலும் வேலை பார்க்கிறேன். இந்தப் படிப்புக்கு லிம்னாலஜி என்று பெயர், தமிழில் நன்னீரியல். இதில் முன்னுக்கு வர என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே ஒரு நாள் போய் மாதிரி எடுத்து வந்தால் ஏரி எதையும் சொல்லிவிடாது. வெயில் காலத்தில் ஆழமான ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெதுவெதுப்பான, எடை குறைந்த நீர். கீழே குளிர்ந்த, கனமான நீர். மேலிருந்து கீழே ஆக்சிஜன் போகாது. அடியில் மட்கும் பொருட்கள் இருந்ததையும் தின்று தீர்க்கும். கரையில் நிற்பவர் கண்ணுக்கு மீன் துள்ளும். பத்து மீட்டர் கீழே மூச்சுவிட முடியாத நீர் இருக்கும். மேல்நீர் குளிர்ந்ததும் அடுக்கு குலைந்து எல்லாம் கலக்கும். இதை ஒரு வருடம் தன் கையால் அளந்தவருக்கு வகுப்பில் யாரும் விளக்க வேண்டியதில்லை.

அளக்க என்ன வேண்டும்? ஒரு வெப்பமானி, முடிச்சுப் போட்ட கயிறு, ஒரு தட்டு. கயிற்றில் கட்டி இறக்கும் இந்த வட்டத் தட்டுக்குச் செக்கி தட்டு என்று பெயர். இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கி 1865இல் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து இப்படிப்பட்ட தட்டுகளைக் கடலில் இறக்கிச் சோதித்தார். இப்போது ஏரிகளில் பயன்படுவது 20 செ.மீ. குறுக்களவில், கால் கால் பாகமாகக் கறுப்பும் வெள்ளையும் பூசியது. நடுப்பகல் ஒட்டிய நேரத்தில், படகின் நிழல் விழும் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இறக்குங்கள். தட்டு மறையும் ஆழத்தைக் குறியுங்கள், மெல்ல இழுத்து மறுபடி தெரியும் ஆழத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் அளவு. என் தரவுத் தாள்களில் இன்றும் முதல் பத்தி இதுதான்.

படிப்பு

இளங்கலையில் உயிரியல் மட்டும் போதாது. வேதியியலை விடாதீர்கள், புள்ளியியலை விரும்பிப் படியுங்கள், ஆர் என்ற கணினி மொழியில் தரவைச் சுத்தம் செய்து வரைபடம் போடும் அளவுக்காவது பழகிக்கொள்ளுங்கள். இதை எல்லோருமே சொல்வார்கள்.

அதிகம் பேர் சொல்லாத ஒன்று உண்டு: ஏதாவது ஒரு உயிரினக் கூட்டத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த உடனே பெயர் சொல்லும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். டயட்டம் என்ற நுண்பாசியாக இருக்கட்டும், நீரில் வளரும் மேஃப்ளை இளம்பூச்சியாக இருக்கட்டும். நான் கைரோனோமிட் புழுக்களை எடுத்துக்கொண்டேன். கொசு போலவே இருந்தும் கடிக்காத ஒரு ஈயின் புழு அது. அதன் தலை ஓட்டைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் பொருத்தி, தாடைப் பற்களை எண்ணித்தான் இனம் காண வேண்டும். ஆறு மாதம் கண் வலிக்க அதையே செய்தேன். அந்தத் திறமைக்காகவே அடுத்த ஆய்வகங்களில் என்னைத் தேடினார்கள். என் முதல் மூன்று கட்டுரைகளும் அடுத்தவர் திட்டத்தில் நான் பெயர் சொல்லிக் கொடுத்த புழுக்களால் வந்தவை.

வழிகாட்டி

பிஎச்.டி.க்கு இடம் தேடும்போது பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். அவரிடம் படித்து முடித்தவர்கள் இருவரிடமும், முடிக்காமல் விலகிய ஒருவரிடமும் பேசுங்கள். எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, படகும் கருவியும் உங்களுக்கு மாதத்தில் எத்தனை நாள் கிடைக்கும், நீங்கள் சேர்த்த தரவு பிறகு யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள். இதைக் கேட்க நான் தயங்கினேன். முதலில் சேர்ந்த ஆய்வகத்தில் ஒன்றரை வருடம் எடுத்த மாதிரிகளை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அந்தக் குப்பிகளை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

சின்ன நீர், பெரிய கேள்வி

ரஷ்யாவின் பைகால் போல ஒரு பேரேரி கிடைத்தால்தான் பேர் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். சூழலியலாளர் ரேமண்ட் லிண்டெமன் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள சீடர் பாக் ஏரி. சேறு தூர்ந்து சதுப்பாகிக்கொண்டிருந்த சிறிய ஏரி அது. மனைவி எலினோரும் உதவ, ஐந்து வருடம் அதே ஏரிக்குப் போனார். பாசி கைப்பற்றிய சூரிய சக்தியில் எவ்வளவு அதைத் தின்னும் உயிருக்குப் போகிறது, அங்கிருந்து அடுத்த உயிருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டார். கட்டுரையை மதிப்பிட்ட மூத்த ஏரி ஆய்வாளர்கள் இருவருமே வேண்டாம் என்றார்கள். தரவு குறைவு, கோட்பாடு அதிகம் என்பது அவர்கள் எண்ணம். யேல் பல்கலைக்கழகத்தின் ஏரி ஆய்வாளர் ஹட்சின்சன் அந்தக் கட்டுரைக்காக வாதாடினார். 1942இல் கட்டுரை அச்சாவதற்குச் சில மாதம் முன்பே, 26 வயதில், லிண்டெமன் இறந்துபோனார். இன்று சூழலியல் மாணவர் யாரும் அந்தக் கட்டுரையின் கருத்தைத் தொடாமல் படிப்பை முடிக்க முடியாது. என் மாணவர்களின் கட்டுரை திரும்பி வரும் நாட்களில் இந்தக் கதையைச் சொல்வேன். மறுநாள் உட்கார்ந்து மதிப்பீட்டாளரின் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதச் சொல்வேன்.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கனடாவின் ஒண்டாரியோவில் இருக்கிறது. ஏரிகளில் பாசி பொங்குவதற்குக் காரணம் கார்பனா, நைட்ரஜனா, பாஸ்பரஸா என்று பெரிய சண்டை நடந்த காலம். ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரும் உடனிருந்தவர்களும் 226 என்ற எண் கொண்ட ஏரியின் இடுப்பு போல ஒடுங்கிய பகுதியில் 1973இல் ஒரு திரையைப் போட்டு ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறு பாதியில் இவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சையாக மாறியது, மற்றது மாறவில்லை. விமானத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தால் போதும், யாருக்கும் புரியும். உங்கள் ஆய்வைத் திட்டமிடும்போது எதை எதோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் இன்னும் கள வேலையைத் தொடங்காதீர்கள்.

களத்தில்

இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். பலருடைய ஆய்வு கெடுவது இங்கேதான்.

ஓடையில் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி நடங்கள். நீரோட்டத்தைப் பார்த்து நின்று, உங்கள் கால் கலக்காத நீரைக் குப்பியில் பிடியுங்கள். முதலில் தண்ணீர் மாதிரி, அப்புறம்தான் பூச்சிகள். பூச்சி பிடிக்க வலையை ஓட்டத்துக்கு எதிராக ஊன்றி, அதற்கு முன்னால் உள்ள கற்களைக் காலால் கலக்க வேண்டும். அதற்குப் பிறகு எடுக்கும் நீர் எதற்கும் உதவாது.

பாஸ்பரஸ் அளக்கும் குப்பிகளைச் சாதாரண சோப்பால் கழுவாதீர்கள், அதிலேயே பாஸ்பேட் இருக்கலாம். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலசுங்கள். பச்சையம் அளக்க வடிகட்டிய தாளை உடனே அலுமினியத் தாளில் சுற்றி, வெளிச்சம் படாமல் உறையவையுங்கள்.

பூச்சி மாதிரியை ஆல்கஹாலில் போட்டால் பெயர்ச் சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். மேலே மார்க்கரால் எழுதியதை ஒரு சொட்டு ஆல்கஹால் அழித்துவிடும். அப்புறம் அந்தக் குப்பியில் இருப்பது எந்த ஓடைப் பூச்சி என்று யாராலும் சொல்ல முடியாது.

கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பிஎச்.டி.யின் இரண்டாம் வருடம் ஆக்சிஜன் மீட்டரைத் திருத்தி அமைத்த தேதிகளை நான் குறித்து வைக்கவில்லை. எண்கள் மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போயிருக்கின்றன. எந்த நாளில் தொடங்கியது என்று தெரியாததால் நான்கு மாதத் தரவையும் தூக்கிப்போட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் திருத்திய நேரத்தையும் எண்ணையும் எழுதுகிறேன். மாதம் ஒரு முறை, நீரில் கரைந்த ஆக்சிஜனை வேதியியல் வழியில் அளக்கும் விங்க்லர் முறையில், நீரைக் குப்பியில் பிடித்து வேதிக் கரைசலைத் துளித்துளியாக விட்டும் சரிபார்க்கிறேன். லாயோஷ் விங்க்லர் என்ற ஹங்கேரிய வேதியியலாளர் 1888இல் வெளியிட்ட முறை அது. இன்றும் மீட்டரைக் கேள்வி கேட்க அதுதான் துணை.

உயிரோடு திரும்பி வருவதும் வேலையில் ஒரு பங்குதான். தனியாக இறங்காதீர்கள். மார்பளவு ரப்பர் உடை போட்டால் இடுப்பில் பெல்ட்டை இறுக்குங்கள். விழுந்தால் தண்ணீர் சட்டென்று உள்ளே நிரம்பாது. ஆழத்தை மீட்டரிலும் ஓட்டத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்றும் எடுத்து இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். ஒன்றை நெருங்குகிறது என்றால் இறங்கவே கூடாது. உடல் எடை குறைந்தவர்கள் அதற்கும் வெகு முன்பே கரையில் நின்றுவிட வேண்டும். ஒரு நாள் தரவு போனால் போகட்டும். அப்புறம், ஒரு நீர்நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் வலையையும் பூட்ஸையும் கழுவி நன்றாக உலர்த்துங்கள். நாம் நேசிக்கும் ஓடைக்கு வேண்டாத உயிரை நாமே கொண்டுபோய் விடக் கூடாது.

பட்டத்துக்குப் பிறகு

பிஎச்.டி.க்குப் பிறகு வரும் போஸ்ட்டாக் ஆய்வுக் காலத்தை வேறு வகை நீரில் கழியுங்கள். ஏரியில் படித்தவர் ஓடைக்கும், ஓடையில் படித்தவர் ஏரிக்கும் போவது நல்லது. சர்வதேச நன்னீரியல் சங்கம் 1922இலிருந்து இருக்கிறது. உலகின் பல ஏரிகளில் மிதக்கும் கருவிகளின் தரவைச் சேர்த்துப் பார்க்கும் கிளியோன் குழு 2005இல் தொடங்கியது. மாணவராக இருக்கும்போதே இப்படிப்பட்ட கூட்டங்களில் சேர்ந்தால் கூட்டாளிகள் கிடைப்பார்கள்.

ஆசிரியர் வேலைக்கான நேர்காணலில், பெரிய நிதி வராவிட்டால் ஐந்து வருடம் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வரும். வளாகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு ஓடையை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அதில் மாதா மாதம் மாணவர்களோடு என்ன அளப்பீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். எனக்கு வேலை கிடைத்தது அந்த ஒரு பக்கத்தால்தான் என்று நம்புகிறேன். அந்த ஓடைக்கு இன்றும் போகிறேன்.

எல்லோருக்கும் பேராசிரியர் பதவி கிடைக்காது. குடிநீர் நிலையத்திலும் மாசுக் கட்டுப்பாட்டுத் துறையிலும் என் மாணவர்கள் செய்யும் வேலையை என் வேலைக்குக் குறைவாக நான் நினைத்ததே இல்லை.

நிரந்தர வேலை கிடைத்த பிறகும் அதே தண்ணீரை விடாதீர்கள். பைகால் ஏரியில் 1945இல் மிகைல் கொழோவ் தொடங்கிய அளவீட்டை அவர் மகள் ஓல்கா தொடர்ந்தார், பிறகு பேத்தி லுபோவ் தொடர்ந்தார். ஏழு, பத்து நாளுக்கு ஒரு முறை, பனி உறைந்த காலத்திலும் போனார்கள். 2008இல் அந்த அறுபது வருடத் தரவை வெளியிட்டபோதுதான், அவ்வளவு பெரிய ஏரியின் மேல்நீர் 1946இலிருந்து சுமார் 1.2 டிகிரி செல்சியஸ் சூடாகியிருப்பது உலகுக்குத் தெரிந்தது.

உங்களுக்குப் பின்னால் ஒருவர் வருவார் என்று எண்ணி நோட்டை எழுதுங்கள். எந்தப் பாறைக்குப் பக்கத்தில், எந்த மரத்துக்கு எதிரே மாதிரி எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். கருவியை மாற்றினால் இரண்டு மாதமாவது பழையதையும் புதியதையும் சேர்த்தே அளந்து இரண்டு எண்களையும் குறியுங்கள். இடக்கரை, வலக்கரை என்று எழுதும்போது நீர் ஓடும் திசையைப் பார்த்து நின்று எழுதுங்கள்.