களிமண்ணில் ஒரு டையிக்டோடான்: முதல்முறை செய்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் காரூ வறள்நிலத்தில் அடிக்கடி கிடைக்கும் புதைபடிவங்களில் ஒன்று டையிக்டோடான். சுமார் 25.5 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் தலைகாட்டாத காலத்தில், இலைதழை தின்று வாழ்ந்த சின்ன விலங்கு. பாலூட்டிகளுக்குத் தூரத்துச் சொந்தம்.

நிஜ நீளம் அதிகபட்சம் 45 செ.மீ. என்பதால் மூன்றில் ஒரு பங்காக, 15 செ.மீ.க்குச் செய்வோம். காற்றில் காயும் களிமண், பல்குச்சி, அலுமினியத் தாள் போதும்.

படி 1: தாளை 10 செ.மீ. உருளையாகக் கசக்கி, மேலே களிமண் பூசுங்கள். உடம்பு நீளமாக, வால் குட்டையாக இருக்கட்டும். வாலை நீட்டினால் பல்லியாகிவிடும்.

படி 2: தலைதான் எல்லாம். இதில் அவசரப்பட்டதால் எனக்கு முதல்முறை பெருச்சாளிதான் வந்தது! உடம்புக்குப் பெரிய தலை வேண்டும். முகத்தை நீட்டாமல், வாயை ஆமையின் அலகுபோல் அழுத்துங்கள். அலகால் தழையை வெட்டி, கீழ்த்தாடையை முன்னும் பின்னும் இழுத்து அரைத்த விலங்கு இது. அதனால் கண்ணுக்குப் பின்னால், தாடைத் தசை இருக்கும் இடம் நன்றாகப் புடைத்திருக்கட்டும். மண்டையோட்டில் அங்கே பக்கத்துக்கு ஒரே ஒரு திறப்பு. பல்லி வகையிலிருந்து பிரித்து இதை நம் பக்கம் சேர்ப்பது அந்த ஒற்றைத் திறப்புதான். மேல்தாடையில் இரண்டு தந்தங்கள். பல்குச்சி முனைகளை ஒடித்துச் செருகலாம். வேறு பற்கள் வேண்டாம். காது மடலும் வேண்டாம், அதெல்லாம் பிற்காலத்தில் வந்தது.

படி 3: நான்கு குட்டைக் கால்கள், அகலப் பாதம், நகங்கள். ஒட்டும் இடத்தை இருபுறமும் கீறி, களிமண் குழம்பு தடவி அழுத்துங்கள். வெறுமனே ஒட்டினால் காய்ந்ததும் கழன்று விழும்.

படி 4: அப்புறம் வளை, அதாவது டையிக்டோடான் மண்ணுக்குள் தோண்டி வாழ்ந்த பொந்து. இது திருகாணிபோல் சுழன்று இறங்கி, அடியில் அறையாக அகலும். வெள்ளம் கொண்டுவந்த வண்டல் வளையை நிரப்பிக் கல்லாக இறுகியதால், காரூவில் கிடைப்பது பள்ளம் அல்ல, திருகலான கல். ஆகவே களிமண்ணைத் தடித்த திரியாக உருட்டி, தாள் சுற்றிய பேனாவின் மேல் சுற்றி, பாதி காய்ந்ததும் பேனாவை உருவுங்கள்.

ஒரே வளைக்குள் இரண்டு எலும்புக்கூடுகளும் கிடைத்திருக்கின்றன. சிலவற்றுக்குத் தந்தமே கிடையாது, அவை பெண்ணாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. களிமண் மிச்சமிருந்தால் தந்தமில்லாத இன்னொன்றைச் செய்து பக்கத்தில் சுருட்டிப் படுக்க வையுங்கள்.