முதல் சவரக்கத்தி: வாங்கும் முன் எதைப் பார்ப்பது

பழைய சவரக்கத்திகளைத் தேடிப் பிடித்து, துருவெடுத்து, தீட்டிப் பயன்படுத்துவது என் பொழுதுபோக்கு. அதனால் மடக்குக் கத்தியில் சவரம் பழக நினைக்கும் நண்பர்கள் வாங்குவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். முதல் கேள்வி எந்த பிராண்ட் என்பது. அடுத்தது, பிடி கொம்பா மரமா என்பது. இரண்டுக்கும் அப்புறம் வருவோம். கத்தி உங்கள் கைக்கு வரும்போது அதைத் தீட்டியிருப்பது யார் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

புதுக் கத்தி என்றால் பெட்டியிலிருந்து எடுத்ததும் மழிக்கும் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் அப்படி நடக்காது. தொழிற்சாலையில் பிடித்த சாணை காகிதத்தை வெட்டும், கையிலுள்ள முடியைக்கூட எடுத்துவிடும். தாடியில் வைத்தால் இழுக்கும். பழகியவருக்கு அது கத்தியின் குறை என்று உடனே தெரிந்துவிடும். புதியவருக்கு எப்படித் தெரியும்? கோணம் தப்பா, தோலைச் சரியாக இழுத்துப் பிடிக்கவில்லையா, நுரை காய்ந்துவிட்டதா என்று தன் கையையே சந்தேகப்படுவார். முகம் எரியும், கத்தி அலமாரிக்குப் போகும். இதைத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களில் பலர் விட்டதற்குக் காரணம் பதமில்லாத கத்திதான் என்பது என் கணிப்பு.

ஆகவே, கையால் தீட்டி, அதிலேயே சவரமும் செய்து பழகிய ஒருவரிடமிருந்து வாங்குங்கள். விற்பவரிடம் ஒரு கேள்வி போதும்: “எந்தக் கல்லில் முடித்தீர்கள்?” 12000 கிரிட் (கல்லின் நுண்மையைச் சொல்லும் எண், கூடக் கூட நுண்மை) என்றோ, பெல்ஜியத்துக் கோட்டிகியூல் என்ற இயற்கைக் கல் என்றோ, 8000 கிரிட்டில் முடித்து அப்புறம் குரோமியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி பூசிய வாரில், அதாவது பதம் சேர்க்கும் பட்டையில், இழுத்தேன் என்றோ யோசிக்காமல் பதில் வந்தால் நல்லது. “செம கூர்மை சார், தைரியமா வாங்குங்க” என்று மட்டும் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

பிளேடு மாற்றும் கத்தியில் தொடங்கலாமே என்பார்கள். சாணை வேலை கிடையாது, செலவு குறைவு, இந்தப் பழக்கம் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க உதவும். அதுவரை சரி. ஆனால் அதில் பழகினால் தீட்டும் சவரக்கத்தி தானாகக் கைவந்துவிடும் என்று எண்ணாதீர்கள். அது எடை இல்லாதது, முகத்தில் அது என்ன செய்கிறது என்று கைக்குத் தெரியாது. பிளேடின் மூலை சட்டென்று தோலில் இறங்கிவிடும். கோணத்தில் சின்னப் பிசகு வந்தால் நல்ல சவரக்கத்தி பொறுத்துப்போகும், அது போகாது.

இனி அளவு. சவரக்கத்தியின் அகலத்தை, அதாவது முதுகிலிருந்து வெட்டும் வாய் வரை உள்ள தூரத்தை, அங்குலத்தில் எட்டின் பங்காகச் சொல்வார்கள். 4/8 என்றால் அரை அங்குலம், 8/8 என்றால் முழு அங்குலம். முதல் கத்திக்கு 5/8 அல்லது 6/8 எடுங்கள். கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டரும் 19 மில்லிமீட்டரும். அதைவிட அகலமானது கன்னத்தில் அருமையாக ஓடும், மூக்குக்குக் கீழே வந்ததும் திணறும். 4/8 கத்தி மீசைப் பக்கம் லாவகமாகத் திரும்பும், ஆனால் இரண்டு இழுப்பிலேயே நுரை நிரம்பி வழியும். கன கம்பீரமாக இருக்கிறதே என்று 8/8 கத்தி மேல் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். இரண்டாவது கத்தியாக வாங்கிக்கொள்ளலாம்.

கத்தியின் நுனியை உங்கள் கண்ணுக்கு நேராகப் பிடித்து, குறுக்குவெட்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சில கத்திகள் முதுகிலிருந்து வாய் வரை ஆப்பு மாதிரி நேராகச் சரியும். சிலவற்றில் இரு பக்கமும் குழித்து எடுத்திருப்பார்கள். குழிவு கூடக் கூட வாயோரம் மெலியும். முழுக் குழிவுக் கத்தி ஒவ்வொரு முடியையும் வெட்டும்போது மெல்ல ஒலி எழுப்பும். கேட்கச் சுகமாக இருக்கும். வேலைக்கும் உதவும், கோணம் மாறினால் ஒலியும் மாறிவிடும். ஆனால் மிக மெல்லிய ரகங்கள் அழுத்தினால் வளைந்துகொடுக்கும், புதியவர் கை அழுத்தத்தான் செய்யும். அரைக் குழிவு முதல் முழுக் குழிவு வரை எதுவும் சரி. ஆப்பு வகையை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். அதன் பக்கம் முழுவதும் கல்லில் படிவதால் தீட்ட நிறைய உலோகத்தைத் தேய்க்க வேண்டியிருக்கும்.

நுனி உருண்டையாக இருக்கட்டும். சதுர நுனிக் கத்தி மீசை ஓரத்தைக் கோடு போட்டது போல எடுக்கும், அதே சுத்தத்தோடு காது மடலையும் கீறும். ஏற்கெனவே சதுர நுனி வாங்கிவிட்டீர்கள் என்றால் தீட்டுபவரிடம் சொன்னால் போதும், அந்த மூலையைக் கல்லில் லேசாக மழுக்கித் தருவார்.

எஃகு விஷயத்தில் நான் கார்பன் எஃகின் பக்கம். கல்லுக்குச் சீக்கிரம் இணங்கும், தீட்டக் கற்றுக்கொள்ளும்போது அது பெரிய சௌகரியம். துருப்பிடிக்கும்தான். சவரம் முடிந்ததும் துடைத்து, வாரில் நாலைந்து இழுப்பு இழுத்து, குளியலறைக்கு வெளியே வைத்தால் பிரச்சினை இல்லை. சில வாரம் தொடப்போவதில்லை என்றால் ஒரு சொட்டு மினரல் எண்ணெய் தடவி வையுங்கள். துடைப்பதில் சோம்பல் உள்ளவர், அல்லது குளியலறையிலேயே வைத்தாக வேண்டியவர், துருப்பிடிக்காத எஃகு வாங்கலாம். தீட்ட நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பிடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளாஸ்டிக்கோ ரெசினோ போதும். மரம் தண்ணீரில் ஊறும், கொம்பு காய்ந்தால் வளையும். ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும். கத்தியை மடக்கி மேலிருந்து பார்த்தால் அலகு இரு பக்கப் பிடிக்கும் நடுவில் இறங்க வேண்டும். வாய் ஒரு பக்கம் உரசினால், மூடும் ஒவ்வொரு தடவையும் பதம் போகும்.

பழைய கத்தி வாங்குவதற்கு நான் எப்போதும் ஆதரவு. ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா, பிரான்ஸின் தியேர் ஆகிய ஊர்களிலிருந்து வந்த பழைய கத்திகள், நன்றாக இருந்தால், இன்னும் பல்லாண்டு உழைக்கும். சோலிங்கன் என்ற பெயருக்கு ஜெர்மனியில் 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. அங்கே செய்யாத கத்தியில் அதைப் பொறிக்கக் கூடாது. கத்தியின் கழுத்தில், அதாவது அலகுக்கும் பிடிக்கும் இடைப்பட்ட பகுதியில், ஆங்கிலத்தில் ‘ஜெர்மனி’ என்றும் இருந்தால், கத்தி பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சட்டம் கட்டாயமாக்கியதன் விளைவு அது. ஆனால் முத்திரையைப் பார்த்து மயங்கி, வாயைப் பார்க்காமல் விடக்கூடாது.

ஒரு பழைய கத்தி கைக்கு வந்தால் நான் முதலில் அதைத் திறந்து, வாயை மேல்நோக்கிப் பிடித்து, மேசை விளக்குக்கு நேராக மெல்லச் சாய்ப்பேன். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது. எங்காவது வெள்ளியாக ஒரு புள்ளி மினுக்கினால் அங்கே மழுங்கியிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. அடுத்து துரு. அலகின் நடுவிலோ கழுத்திலோ கறுப்புக் கறை இருந்தால் கவலை வேண்டாம், தேய்த்தால் போகும், போகாவிட்டாலும் சவரத்துக்கு இடைஞ்சல் இல்லை. வாயிலிருந்து ஓரிரு மில்லிமீட்டருக்குள் ஊசி குத்தியது போலக் குழிகள் தெரிந்தால் கத்தியைக் கீழே வைத்துவிடுவேன். தீட்டத் தீட்ட அந்தக் குழி வாய்க்கே வந்து சேரும். அங்கே வாய் பிசிறாக உடையும்.

அப்புறம் முதுகு. தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படிவதால், முதுகில் ஒரு தட்டையான பட்டை விழும். அது மெல்லியதாக, இரு பக்கமும் ஒரே அகலத்தில் இருந்தால் நல்ல கையில் இருந்த கத்தி. ஒரு பக்கம் நூலாகவும் மறுபக்கம் பட்டையாகவும் இருந்தால் அலகு கோணியிருக்கலாம். வாயின் கோடு லேசாக வெளியே வளைந்து சிரித்தால் பரவாயில்லை, நடுவில் உள்வாங்கியிருந்தால் வேண்டாம். சந்தேகம் தீராவிட்டால் மார்க்கர் பேனாவால் வாயோரம் முழுக்க மை பூசி, தட்டையான நுண்கல்லில் அழுத்தாமல் ஓர் இழுப்பு. மை எங்கே அழிந்திருக்கிறது, எங்கே மிச்சம் என்று பார்த்தால் அலகின் கோணல் அப்படியே தெரியும்.

இதை நீங்களே செய்ய முடியாத நிலையில், படத்தை மட்டும் பார்த்து வாங்குகிறீர்கள் என்றால், இரு பக்கமும், மடக்கிய நிலையில் மேலிருந்தும், வாயோரம் மிகக் கிட்டத்திலும் எடுத்த படங்களைக் கேளுங்கள். தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். கண்ணாடி போலப் பளபளக்கும் பழைய கத்தியைக் கண்டாலும் எனக்குச் சந்தேகம்தான். மெருகுச் சக்கரத்தில் அதிகம் வைத்தால் மெல்லிய வாய் சூடேறிப் பதம் இழந்திருக்கும், குழிகளும் பார்வைக்கு மறைந்திருக்கும். இன்னொன்று: பழைய செல்லுலாய்டு பிடி சிதையத் தொடங்கினால் அதிலிருந்து வரும் வாயு அலகையே அரித்துவிடும். பிடி மூடும் இடத்தில் மட்டும் துரு அடர்ந்திருந்தால் அதுதான் காரணமாக இருக்கும்.

மிக மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாப் புதுக் கத்திகளை, அலை அலையாகக் கோலம் போட்டு வருபவை உட்பட, ஒதுக்கிவிடுங்கள். பல, கத்தி உருவத்தில் உள்ள இரும்புதான். எஃகைச் சரியாகப் பதப்படுத்தியிருக்க மாட்டார்கள், எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. கோணலான அலகு, தடித்த வாயோரம், தளர்ந்து ஆடும் ஆணி இருந்தால் இந்த வகைதான்.

கையிலுள்ள பணம் முழுவதையும் கத்தியில் போடாதீர்கள். தோல்வார் இல்லாமல் கத்தி இல்லை. அது ஆறு ஏழு சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அலகு முழுவதும் ஒரே இழுப்பில் படியும். முதல் வார் சுமாரானதே போதும், பழகும்போது அதில் வெட்டு விழுவது சகஜம். முதுகு முன்னே போக வாய் பின்னால் வரட்டும். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டுங்கள். சாணைக்கல் இப்போது வேண்டாம். பதம் குறையும்போது தீட்டித் தர ஓர் ஆளைத் தெரிந்து வைத்துக்கொண்டால் நீண்ட நாள் ஓட்டலாம்.

கத்தி வந்து சேர்ந்ததும் கூர் பார்க்க விரலை வைக்காதீர்கள், வாரிலும் இழுக்காதீர்கள். தீட்டியவர் தந்த பதத்தை அப்படியே முகத்தில் ஒரு முறை உணர வேண்டும். பழகாத கை வாரில் இழுத்தால் அதை மழுக்கிவிடும். வெந்நீரில் தாடியை ஊறவைத்து, நுரை பூசி, ஒரு கன்னத்தை மட்டும், முடி வளரும் திசையில், 30 பாகைக் கோணத்தில், அழுத்தாமல் இறக்குங்கள். தோலை நன்றாக இழுத்துப் பிடித்தும், கோணத்தை மாற்றிப் பார்த்தும் கன்னத்திலேயே பிடித்து இழுக்கிறது என்றால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, தீட்டிக் கொடுத்தவரிடம் திருப்பி அனுப்புங்கள். அலகின் எந்தப் பகுதி இழுத்தது, கழுத்துப் பக்கமா நடுவா நுனியா என்பதையும் சேர்த்து எழுதி அனுப்பினால் அவருக்கு வேலை பாதியாகும்.